வௌவால் கூடு என்னும் மண்ணரண்

அரண் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது வானளாவிய மதிலும் ஆழ்ந்த அகழியுமே. அரண் வீழ்ந்தால் அதனைக் கட்டியவன் தோற்றான் என்பதும் நாம் கொண்ட முடிவு. இம்முடிவை மறுமுறை எண்ணிப் பார்க்கச் செய்யும் மண்ணரண் ஒன்று நியூசிலாந்தின் வடபகுதியில் உள்ளது. அதன் பெயர் ருவாபெக்காபெக்கா. மாவோரி மொழியில் அதற்கு 'வௌவாலின் கூடு' என்பது பொருள்.

கவகவா என்னும் சிற்றூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், காடும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த குன்றொன்றின் மேல் அது அமைந்திருக்கிறது. காணச் செல்வோர் முதலில் ஆங்கிலேயர் பீரங்கிகளை நிறுத்திய மேட்டைக் கடந்து செல்வர். அப்பால் மாவோரியரின் சிற்பவேலைப்பாடு அமைந்த மரவாயில் ஒன்று எதிர்ப்படும். அதனுள் நுழைந்தால் மதிலும் இல்லை, மாடமும் இல்லை. புல் மூடிய பள்ளங்களும் மேடுகளுமே கண்ணுக்குத் தெரியும். பழைய பீரங்கி ஒன்றும் அங்கே கிடக்கிறது. ஆயினும் அப்பள்ளங்களே ஒரு போரின் ஏடுகளாகும்.

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் வைத்தாங்கியில் ஆங்கிலேய அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் முதல் வரிசையில் ஒப்பமிட்டோருள் ஒருவர் ஹோனே ஹெக்கே. அடுத்த சில ஆண்டுகளில் தலைநகர் ஆக்லாந்துக்கு மாற்றப்பட்டது. சுங்கவரியும் வந்தது. வடக்கே வணிகம் குன்றியது. தம் ஆட்சியுரிமை பறிபோகின்றதென்று உணர்ந்த ஹெக்கே, கொரோராரெக்கா ஊரின் குன்றில் ஆங்கிலேயக் கொடி பறந்த கொடிமரத்தை 1844 ஜூலையில் வெட்டி வீழ்த்தினார். அம்மரம் மீண்டும் மீண்டும் நடப்பட்டது. மீண்டும் மீண்டும் வீழ்ந்தது. நான்காம் முறை வீழ்ந்தது 1845 மார்ச் 11ஆம் நாள். அன்றே ஊரும் மாவோரியர் கைப்பட்டது. போர் மூண்டது.

ஹெக்கேயுடன் சேர்ந்து நின்றவர் முதுபெருந் தலைவர் தே ருக்கி காவிட்டி. எல்லா மாவோரியரும் இவர்கள் பக்கம் நின்றனர் என எண்ணற்க. தாமத்தி வாக்கா நேனே போன்ற தலைவர்கள் ஆங்கிலேயருடன் சேர்ந்து போரிட்டனர். 1845 ஜூலை 1ஆம் நாள் ஒஹாயாவாய் அரணைத் தளபதி டெஸ்பார்ட் நேரே தாக்குவித்தபோது, சில நிமிடங்களில் ஏறத்தாழ 40 ஆங்கிலேய வீரர் மாண்டனர். பீரங்கிக்குத் தப்பும் வழியை மாவோரியர் கண்டுகொண்டனர் என்பது அன்று புலப்பட்டது.

அவ்வழியை நிறைவுறச் செய்ததே ருவாபெக்காபெக்கா. பருத்த மரங்களை நெருக்கி நட்டு இரட்டை வேலி அமைத்தனர். வேலிக்கு உட்புறம் அகழ் தோண்டி, அதனுள் நின்று வேலியின் அடியிலுள்ள இடைவெளி வழியே சுட்டனர். தங்குவதற்கு நிலத்தடியில் குழிகள் அகழ்ந்து, மேலே மரமும் மண்ணும் இட்டு மூடினர். வாய் குறுகி உள்ளே விரிந்த அக்குழிகளில் இருந்தோரைப் பீரங்கிக் குண்டுகள் எளிதில் தீண்டவில்லை.

இடத்தேர்விலும் சூழ்ச்சி இருந்தது. அக்குன்றில் ஊரில்லை, காக்கவேண்டிய செல்வமும் இல்லை. அரணை இழப்பதால் மாவோரியர்க்கு இழப்பு சிறிது. அதனை அடைவதால் பகைவர்க்கு வரும் தொல்லையோ பெரிது. 1845 டிசம்பரில் புறப்பட்ட ஆங்கிலேயப் படை, கப்பற்பீரங்கிகளைக் காட்டுக்குள் இழுத்துச் செல்லப் பல வாரங்கள் பாடுபட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்பின்ஸ்டன் என்னும் போர்க்கப்பலும் அப்போர்முயற்சியில் பங்குகொண்டது. ஆளுநர் ஜார்ஜ் கிரே தாமே களத்தில் இருந்தார். மாவோரி நேசப்படையையும் சேர்த்து வந்தோர் 1,500 பேருக்கு மேல். அரணுள் இருந்தோர் சுமார் 500 பேர்.

1846 ஜனவரி 10ஆம் நாள் பீரங்கிகள் யாவும் முழங்கின. வேலி உடைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அரண் ஓசையற்றிருப்பதைக் கண்டு உள்ளே புகுந்தபோது, காவிட்டியும் சிலருமே அங்கிருந்தனர். மற்றையோர் பின்புறக் காட்டில் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து சென்ற வீரரும் கப்பலோட்டிகளும் காட்டோரத்தில் குண்டுக்கு இரையாயினர். இப்போரில் ஆங்கிலேயர் தரப்பில் 12 பேர் இறந்தனர்.

அரண் ஏன் வெறுமையாயிற்று? கிறித்தவராகிய மாவோரியர் வழிபாட்டுக்கு வெளியே சென்றிருந்தனர் என்பது நெடுங்காலம் வழங்கிய கதை. பகைவரைக் காட்டுக்குள் இழுக்கவே காவிட்டி அரணைக் கைவிட்டார் என்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெலிச் 1986இல் வாதிட்டார். இரண்டில் எது மெய்யென இன்றும் அறிஞர் வழக்காடுகின்றனர். கிரே இதனை வெற்றி என்றே அறிவித்தார். ஆனால் வென்றவர் எரித்தது வெற்று வேலியை. அதைக் கட்டியவர்களோ பிடிபடவில்லை. பின்னர் ஏற்பட்ட அமைதியில் ஹெக்கேக்கும் காவிட்டிக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்கள் நிலம் பறிக்கப்படவில்லை. முற்றாகத் தோற்றவர்க்கு இத்தகைய முடிவு கிட்டுவது அரிது.

வீழ்ந்த கொடிமரத்தை ஆளுநர் மீண்டும் நடவில்லை. 12 ஆண்டுகள் கடந்தபின், 1858இல், காவிட்டியின் மகன் மைஹி பராவ்னே காவிட்டியே புதிய மரத்தை நடுவித்தார். ஒருமைப்பாடு என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் இடப்பட்டது. படைவலியால் நாட்டிய மரம் நான்கு முறை விழுந்தது. எதிர்த்து நின்றவரின் மகன் தாமே முன்வந்து நட்ட மரம் நல்லிணக்கத்தின் அறிகுறியாயிற்று.

வெற்றி பெற்றோரின் ஏடுகள் மட்டுமே எஞ்சியிருப்பின், ருவாபெக்காபெக்கா 'கைப்பற்றப்பட்ட கோட்டை' என்ற இரு சொற்களில் முடிந்திருக்கும். மண் அவ்வாறு முடிக்கவில்லை. குழியின் ஆழமும் அகழின் வளைவும் அங்கே சிந்தித்த ஒரு முதியவரின் அறிவை இன்றும் காட்டி நிற்கின்றன. வரலாறு கற்பிப்போர் ஏட்டோடு நிலத்தையும் படிக்கவேண்டும் என்பதற்கு இக்குன்றே சான்று.