மேசையருகே வந்து நின்ற நிஜ மனிதர்

1954 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'ஃபேபியன் ஒஃப் த யார்ட்', பிரித்தானியத் தொலைக்காட்சியின் முதற்காலப் பொலிஸ் தொடர்களுள் ஒன்று. அன்றைய நாடகங்களிற் பல ஸ்டூடியோவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகிக் காற்றோடு போயின. இதுவோ ஃபிலிமில் எடுக்கப்பட்டது. போருக்குப் பிந்திய லண்டன் தெருக்களையும் அதிற் காணலாம்.

கதாநாயகன் கற்பனைப் பாத்திரமல்ல. 1921இல் லண்டன் மாநகரப் பொலிஸிற் சேர்ந்து 1949இல் ஓய்வுபெற்ற ரொபர்ட் ஃபேபியன்தான் அவர். 1939இல் பிக்கடிலியில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டைத் தன் கையாலேயே செயலிழக்கச் செய்து பதக்கம் பெற்றவர். 1950இல் வெளியான அவரது நினைவு நூலே தொடருக்குப் பெயரும் கதையும் தந்தது. புரூஸ் சீட்டன் நடித்தார். கதை முடிவில், மேசையருகே நிற்கும் நடிகரின் உருவம் மெல்ல மறையும். அதே இடத்தில் உண்மையான ஃபேபியன் தோன்றி, குற்றவாளிக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வார். நாடகத்துக்கு இதைவிட வலுவான சாட்சி வேறென்ன வேண்டும்?

அவருக்குப் பெரும் புகழ் தந்தது 1947 ஏப்ரல் கொலை வழக்கு. நகைக்கடையைக் கொள்ளையிட முயன்று தப்பியோடிய மூன்று இளைஞரை மோட்டார் சைக்கிளால் மறித்த அலெக் டி அன்டிகிஸ் சார்லட் வீதியிற் சுடப்பட்டு இறந்தார். ஆறு பிள்ளைகளின் தந்தை. கைவிடப்பட்ட மழையங்கி ஒன்றின் உட்புறத்திலிருந்த சிறு சீட்டு, டெப்ட்ஃபர்ட் கடையொன்றுக்கும் அங்கிருந்து கொலையாளிகளிடமும் பொலிஸாரைக் கொண்டுசென்றது. இருவர் தூக்கிலிடப்பட்டனர். மூன்றாமவருக்கு வயது பதினேழு. அதனால் உயிர் தப்பினார். மறு ஆண்டே தூக்குத் தண்டனையை நிறுத்திவைக்கப் பொதுச்சபை வாக்களித்தது. பிரபுக்கள் சபை மறுத்தது. தொடர் ஒளிபரப்பான காலத்திலும், 1955இல் ரூத் எல்லிஸ் தூக்கிலிடப்பட்டதையடுத்து, அந்த விவாதம் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையருகே சொல்லப்படும் முடிவிலோ விவாதத்துக்கு இடமில்லை.

ஃபேபியனிடம் வேறொரு கதையும் உண்டு. 1945 பெப்ரவரி 14ஆம் திகதி லோவர் குவின்டன் கிராமத்தில் சார்ல்ஸ் வோல்டன் என்ற முதிய கூலித் தொழிலாளி தனது கத்தியாலும் வைக்கோற் கவையாலும் கொல்லப்பட்டார். விசாரணைக்கு அனுப்பப்பட்ட ஃபேபியன், வோல்டனுக்கு வேலை கொடுத்த பண்ணைக்காரர் மீதே தமது அறிக்கையிற் சந்தேகம் தெரிவித்தார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. பின்னர் எழுதிய நூல்களிலோ கறுப்பு நாயும் சூனியமும் ஊராரின் மௌனமும் முன்னே வருகின்றன. அறிக்கை எழுதிய கையும் நூல் எழுதிய கையும் ஒன்றுதான். வாசகனுக்கு எது ருசிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஃபேபியன் 1978இல் காலமானார். வோல்டன் கொலைக்காக எவருமே நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை.