கடல் கடந்த சொல்

தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர் நெடுங்காலமாகப் படித்து வரும் விவிலிய மொழிபெயர்ப்பில் ஒரு சொல் உண்டு. மத்தேயு நற்செய்தியின் முடிவிலே, இயேசு தம் மாணாக்கரை நோக்கி, உலகத்து இனத்தார் அனைவரிடமும் செல்லுமாறு பணிக்கிறார். 'இனத்தார்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு அந்த ஏடு தரும் தமிழ்ச் சொல் எது தெரியுமா? 'ஜாதிகள்'!

மொழிபெயர்த்தோரின் பிழை என்று நகைத்திட வேண்டாம். இனம், வகை என்னும் பொருளிலும் அச்சொல் நம் ஏடுகளில் வழங்கியதுண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஒரு வரலாறே ஒளிந்து கிடக்கிறது. எல்லா இனத்தாரையும் தேடிப் புறப்பட்ட ஒரு மார்க்கம் தமிழ் மண்ணிலே காலடி வைத்தபோது, அதன் எதிரே நின்றது சாதி. அந்தச் சந்திப்பில் வென்றது எது? வீழ்ந்தது எது? விருப்பு வெறுப்பை விலக்கி வைத்துவிட்டுக் காண்போம்.

ஆண்டு 1706. சூலைத் திங்கள் 9-ஆம் நாள். தரங்கம்பாடிக் கரையிலே இரண்டு செர்மானிய இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் என்றிக் புளுட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று டேனியர் அங்கே கோட்டை கட்டி வாணிகம் நடத்தி வந்தனர். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மிளகுக்கும் துணிக்கும் வந்த கப்பலிலே இப்போது மதமும் வந்தது.

வணிகர் வரவேற்றனரோ? இல்லை! போதகர் வந்தால் வாணிகம் கெடும் என்று அஞ்சினர். செர்மானியத்து இறையியல் அறிஞருள்ளும் பலர், உலகெங்கும் செல்லும் அந்தக் கட்டளை முதல் மாணாக்கரோடு முடிந்துவிட்டது என்றே கருதியிருந்தனர். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட மோதலில் 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கு சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு திங்கள் சிறைவாசம்; தந்தவர் தமிழர் அல்லர், அவருடைய மதத்தையே சார்ந்த ஐரோப்பியர்!

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலை உடைய எனக்கு, அந்த மனிதரின் வாழ்விலே மனத்தைத் தொடும் காட்சி ஒன்று உண்டு. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரான முதியவர் ஒருவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அவருடைய மாணவச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் எழுத்துகளை எழுதித் தமிழ் கற்றார் சீகன்பால்கு. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றார். ஓலைச்சுவடிகளை நூற்றுக்கு மேல் திரட்டினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் 1708-இல் செர்மன் மொழியில் பெயர்த்தார். 1707-லேயே சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளி கண்டார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் செர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறியது. தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்க'த்திலே காணக்கிடைக்கிறது. ஆயினும் தரங்கம்பாடி அச்சகம் தொடர்ந்து இயங்கித் தமிழ் நூல் வெளியீட்டுக்கு வழி திறந்தது.

அவர் எழுதிய மற்றொரு நூலின் கதை இன்னும் கருத்துக்குரியது. தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையை ஆராய்ந்து 1713-இல் பெருநூல் ஒன்றை எழுதி முடித்துச் செர்மனிக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பப்பட்டவர், அதனை ஐரோப்பாவில் பரப்பவா என்பது அவர் எண்ணம். 1719-இல், முப்பத்தாறு வயதிலே, சீகன்பால்கு மறைந்தார். நூல் வெளிவந்ததோ 1867-இல், சென்னையில்! சொல்லுவதற்கு மட்டுமே வாய் திறந்த அமைப்பு, கேட்பதற்குக் காது திறக்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

இனிச் சாதிக்கு வருவோம். 1707-இல் தரங்கம்பாடியில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர்கள் யார்? டேனியர் வீடுகளில் அடிமைகளாக உழைத்த ஐவர். அடிமைக்குத் திறந்த கதவு! அதை மறைப்பது அறமன்று. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே சென்றவன் எங்கே அமர்ந்தான்? 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்திலே 'சூத்திரர்' என்போர்க்கு ஓர் இடம், 'பறையர்' என்போர்க்கு வேறோர் இடம்! ஆண்டவன் ஒருவன், அவன் வீட்டில் இருக்கை இரண்டு!

1733-இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ்க் குருவாக அமர்த்தப்பட்டார். அடுத்து ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தது. இராசநாயக்கன் என்பவர் தஞ்சைப் படையில் பணியாற்றியவர். இடரிடையே ஊர் ஊராகச் சென்று உழைத்தவர். தகுதியில் குறையில்லை. பிறப்போ ஒடுக்கப்பட்ட குலம்! அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறித்தவர் இசையார் என்றனர். 1741-இல் குருப்பட்டம் பெற்றவர் வேறொருவர். உலகத்தார் அனைவருக்கும் என்று சொல்லப்பட்ட அப்பம், ஓர் உழைப்பாளியின் கைபட்டால் தீட்டாயிற்று!

இதற்குக் காட்டப்பட்ட சமாதானம் என்ன? சாதி சமூக வழக்கம். சமயத்தோடு தொடர்பற்றது என்பதே. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலியும் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டார். பூணூலும் குடுமியும் குல அடையாளமே என்ற வாதத்தை ஏற்று, 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு இசைவளித்தார். பின்னாளில் லைப்சிக் மிஷனும் அதே வாதத்தின் நிழலிலே சாதியைப் பொறுத்துக்கொண்டது. வெறும் சமூக வழக்கம் எனில், தோழர்களே, அது வெளியே தெருவிலேயே நின்றிருக்க வேண்டுமன்றோ? திருவிருந்துக் கிண்ணம் வரை அது வந்தது எப்படி?

எதிர்த்து நின்றவர் எவருமே இல்லையா? இருந்தனர். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை தயக்கமின்றி, தவணையின்றி ஒழிய வேண்டும் என்றார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கொந்தளிப்பு! பலர் சபையையே துறந்தனர். மதம் மாற முடிந்தவர்களுக்குச் சாதி மாற முடியவில்லை. தஞ்சையின் புகழ்பெற்ற கிறித்தவப் புலவர் வேதநாயகம் சாத்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார். கல்வியும் கவித்திறமும் இருந்தும் கட்டறுக்கும் துணிவு வரவில்லை.

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு, வேளாளர்க்கும் நாடார்க்கும் இடையே தடுப்புச் சுவர்! 1910-இல் அது இடிக்கப்பட்டபோது வழக்கு மன்றம் வரை சென்று போராடினர், சுவர் வேண்டும் என்று!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைகூட மறுக்கப்பட்ட பெண்கள், மனிதர் யாவரும் சமம் என்ற சொல்லைச் செவிமடுத்தனர். அதை மறுமைக்கு ஒத்திவைக்கவில்லை, இம்மையிலேயே கேட்டனர். அடி உண்டனர், அவமதிக்கப்பட்டனர், அஞ்சவில்லை. 1859-இல் அரசு இறங்கி வந்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்டிரைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான்! எனினும் அது வெற்றியே. போதகர் கொணர்ந்த சொல்லுக்குப் பொருள் தந்தவர்கள், அதைக் கேட்டுத் தலைநிமிர்ந்த எளிய பெண்கள்.

இந்த வரலாறு கற்பிப்பது என்ன? சமத்துவத்தை மேடையில் முழங்குவது எளிது. பந்தியில் பரிமாறுவது அரிது. கேட்பவர் எண்ணிக்கை குறையுமே என்று அஞ்சி, ஒரு படி விட்டுக்கொடுத்த கொள்கை, நூறாண்டு கழித்து அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. மதத்துக்கு மட்டுமன்று, மாற்றம் பேசும் எந்த இயக்கத்துக்கும் இது பாடம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்!

1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு, 'ஜாதிகள்' என்ற சொல்லை விடுத்து 'மக்களினத்தார்' என்று எழுதுகிறது. நல்ல மாற்றம், வரவேற்போம். ஆனால் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிக்கொன்றாகப் பிரிந்து கிடக்கிறது. ஏட்டிலே சாதி அழிந்தது, இடுகாட்டிலே அழியவில்லை.

ஏழு கடல் கடந்து வந்த சொல் அது. இனி அது கடக்க வேண்டியது ஒரே ஒரு சுவர். அதை இடிக்கக் கப்பல் வேண்டாம், மன்னர் ஆணை வேண்டாம். மனிதனை மனிதனாக மதிக்கும் மனம் போதும்!