டீப்பாயில் டீ இல்லை

உங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கு முன்னால் நிற்கும் குட்டை மேசைக்கு அம்மா என்ன பெயர் சொல்கிறார்? பள்ளியில் நாம் அதைக் காபி டேபிள் என்கிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அது டீப்பாய் ஆகிவிடும். டீ வைப்பதால்தான் டீப்பாய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்தக் கால ஆங்கிலேயர்களும் அப்படியே நினைத்தார்கள்.

அந்தச் சொல்லில் டீ கிடையாது. இந்தியில் 'திபாய்' என்றால் மூன்று கால் கொண்டது. முன்பாதி மூன்று, பின்பாதி பாரசீகத்தில் கால். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதைக் கேட்டு, எழுதும்போது டீயைச் சேர்த்துவிட்டார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இந்தக் குழப்பத்தைச் சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவர் காதில் இதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லும் விழுந்திருக்க வேண்டும்: முக்காலி. நம்மிடம் முக்காலி இருந்தும், ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்த டீப்பாயைத்தான் ஹாலில் போட்டுக்கொண்டோம்.

மூன்று கால் ஏன்? மேடுபள்ளமான மண் தரையில் நாலு கால் மேசை ஆடும், மூன்று கால் ஆடாது. அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி 1940-களில் வடிவமைத்த புகழ்பெற்ற கண்ணாடி மேசையும் அப்படித்தான் நிற்கிறது. ஒரே மாதிரியான இரண்டு மரத்துண்டுகள், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, மேலே கண்ணாடி. அந்தச் சாயலில் செய்தவற்றைத் துபாய் கடைகளில் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு முக்காலிதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டை. ஷார்ஜாவில் பெரிய வீட்டுக்கு மாறினோம். ஹால் நடுவில் ஒரு டீப்பாய் வேண்டும் என்றார் அம்மா. அப்பா வழக்கம்போல, "போகும்போது அதை யார் தூக்குறது?" என்றார். "இருபது வருஷமா போகும்போது, போகும்போதுன்னே சொல்றீங்க. இருக்கும்போது எதுல டம்ளர் வைக்கிறது?" என்றார் அம்மா. அதுவரை டம்ளர் வைத்தது ஊருக்கு அனுப்பாமல் மிச்சமான கார்கோ அட்டைப்பெட்டி மேல், துணி விரித்து.

அப்பா சொல்வதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். இங்கே வாழ்க்கை விசாவில் ஓடுகிறது. ஆண் பிள்ளைகளைப் பெற்றோர் விசாவில் பொதுவாக 18 வயது வரைதான் வைத்திருக்க முடிந்தது, படிப்பவர்களுக்குச் சில விலக்குகளோடு. 2022 அக்டோபரில்தான் அமீரகத்தில் அது 25 ஆனது. பத்து வருட கோல்டன் விசா 2019-இல் வந்தது, அதுவும் எல்லோருக்கும் இல்லை. எத்தனை வருடம் இருப்போம் என்று தெரியாத வீட்டில் எவ்வளவு கனமான மேசை வாங்கலாம்?

இதற்கு இந்த ஊரின் பழைய வீடுகளில் ஏதாவது பதில் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். முதலில் தெரிந்தது, இங்கே காபிக்கு மேசையே தேவைப்படவில்லை என்பது. துபாயின் அல் ஃபஹிதி பகுதிக்குப் போனால், மறுபடி கட்டிய பழைய வீடுகளின் கூரையை அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மரக்கழிகள். 'சந்தல்' என்னும் அலையாத்தி மரக்கழிகள் அவை, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவை. கழி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம், ஏறத்தாழ நாலு மீட்டருக்குள். அந்த நீள அறையில் சுவரோரம் மெத்தையும் திண்டும் போட்டு உட்கார்ந்தார்கள். நடு இடம் காலி.

காபி நம்மைத் தேடி வரும். ஊற்றுபவர் இடது கையில் தல்லா, வலது கையில் சின்னக் கோப்பைகளோடு நின்றுகொண்டே வருவார். கோப்பையில் கொஞ்சம்தான் ஊற்றுவார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோப்பை கையிலிருந்து கைக்குப் போகிறது, எதிலும் வைப்பதில்லை. இந்த அரபுக் காபியையும் மஜ்லிஸையும் 2015-இல் அமீரகம், சவூதி, ஓமான், கத்தார் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. ஒரு திர்ஹாம் காசைத் திருப்பிப் பாருங்கள், அதில் இருப்பது அந்தத் தல்லாதான். ஏமனின் மோக்கா துறைமுகம் வழியாக உலகத்துக்குக் காபி அனுப்பிய அரபு நாட்டில் காபி டேபிள் இல்லை!

மேசைதான் இல்லையே தவிர பெட்டி இருந்தது. அதை மந்தூஸ் என்கிறார்கள். தேக்கிலோ ஈட்டியிலோ செய்த கனமான பெட்டி. முகப்பு முழுக்கப் பித்தளை ஆணிகள் கோலப் புள்ளிபோல. கீழே சில பெட்டிகளில் மூன்று இழுப்பறைகள். கல்யாணப் பெண்ணின் துணியும் நகையும் வாசனைப் பொருளும் அதில்தான் போகும். கப்பல் தலைவர்களும் தங்கள் பொருட்களை இப்படிப்பட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு கடலில் போனார்கள்.

பழம்பொருள் கடைக்காரர்கள் இவற்றைக் 'குவைத் பெட்டி' என்று விற்கிறார்கள். ஆனால் பழைய பெட்டிகளில் பல சூரத், பம்பாய், மலபார் பக்கம் செய்யப்பட்டவை. இங்கே தேக்கு வளராது. கப்பலுக்கும் கதவுக்கும் பெட்டிக்கும் மரம் இந்தியாவிலிருந்துதான் வர வேண்டும். கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் வளைகுடாவுக்கான உருக்களை இன்றும் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தின் 'டீக்' என்ற சொல்லே நம்முடைய, மலையாளிகளுடைய தேக்கிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. காசும் அப்படித்தான்: 1959 வரை இங்கே புழங்கியது இந்திய ரூபாய், பிறகு துபாயிலும் அபுதாபியிலும் 1966 வரை ரிசர்வ் வங்கி அச்சிட்ட வளைகுடா ரூபாய். இந்தியப் பெட்டியை ரூபாய் கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள். நம் அப்பாக்கள் வருவதற்கு முன்பே நம் பக்கத்து மரம் இந்த வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று பல வீடுகளில் அந்தப் பெட்டியைச் சோபா முன்னால் இழுத்துப் போட்டு டீப்பாய் ஆக்கிவிட்டார்கள். பழையது வாங்க நம்மால் முடியாது, புதிதாகச் செய்ததே போதும். நான் அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அளவு மட்டும் கவனம்: உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாகவோ, நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு, நடுவே கால் நுழைய 40-45 சென்டிமீட்டர் இடைவெளி. ஏசி காற்று நேராகப் படும் இடம் வேண்டாம், மரம் வறண்டு வெடிக்கும்.

கடையில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் இருந்த பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பேர் தூக்கலாம்" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அண்ணனின் பழைய மார்க் ஷீட்டையும் அப்பா அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரே தொல்லை, திறக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் டம்ளர்கள், பேப்பர், ரிமோட் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். விசா புதுப்பிக்கும் நாட்களில் நாங்கள் கையில் டம்ளரோடுதான் டீ குடிக்கிறோம்.