ரெடாக்சோகைனடிக் விளைவு: வேகமான மின்முனை வினைகளை அளந்த வரலாறு

கரைசலில் உள்ள ஓர் அயனி மின்முனையின் பரப்பில் எலக்ட்ரானைப் பெறவோ இழக்கவோ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கண்டறிவது மின்வேதியியலின் பழைய சிக்கல்களில் ஒன்றாகும். மெதுவான வினைகளை அளப்பதில் தொல்லை இல்லை. வேகமான வினைகளில்தான் தடை எழுகிறது. அந்தத் தடை வினையில் இல்லை, அயனி மின்முனைக்கு வந்து சேரும் பாதையில் இருக்கிறது.

ஆனைமலைப் பக்கம் ஆழியாறு பாய்ந்தோடும்போது நடு ஆற்றில் நீர் விரைந்து செல்லும். பாறையை ஒட்டிய நீரோ ஏறக்குறைய நின்றுவிடும். கரைசலைக் கலக்கினாலும் மின்முனையை ஒட்டி இத்தகைய அசையாத மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதை அயனிகள் விரவல் மூலமாகவே கடக்க வேண்டும். வினை மிக வேகமானது என்றால், வந்த அயனி உடனே மாறிவிடும். அடுத்தது வரும்வரை மின்முனை காத்திருக்கும். அப்போது கருவி காட்டும் மின்னோட்டம் விரவலின் வேகத்தையே சொல்லும், வினையின் வேகத்தைச் சொல்லாது. மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் வோல்ட்டாமெட்ரி முறைக்கும் இதே கதிதான்.

இதற்கு ஒரு வழி இந்தியாவில் கிடைத்தது. 1950-இல் கே. எஸ். ஜி. தாஸ், எச். பி. அகர்வால் ஆகிய இருவரும் சமநிலையில் உள்ள மின்முனை ஒன்றின் வழியே மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினர். மேலும் கீழும் சமமாக ஆடும் மின்னோட்டம் என்பதால், மின்முனையின் சராசரி மின்னழுத்தம் மாறாது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் அது சிறிது நகர்ந்தது. ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் மின்னழுத்த மாற்றத்துக்கு ஒரே அளவில் செவிசாய்ப்பதில்லை என்பதே காரணம். மேல் வீச்சில் நடப்பதைக் கீழ் வீச்சு முழுவதும் ஈடுசெய்வதில்லை. மீதம் சிறிய நேர்திசை மின்னழுத்தமாகத் தங்குகிறது. வீச்சை இரு மடங்காக்கினால் இந்த மீதம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இதற்கு அவர்கள் 'ரெடாக்சோகைனடிக் விளைவு' என்று பெயரிட்டனர். 1951-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் இந்திய அறிவியல் கழகத்தின் இதழிலும் இதுபற்றி எழுதினர்.

இதன் பயன் அதிர்வெண்ணில் உள்ளது. ஒவ்வோர் ஆட்டமும் மிகக் குறுகிய நேரமே நீடித்தால், மின்முனையை ஒட்டிய அயனிகளின் செறிவு குறைவதற்குள் திசை மாறிவிடும். விரவலின் குறுக்கீடு பின்னுக்குப் போகும். வினையின் வேகம் வெளிப்படும். மின்முனைப் பரப்பு ஒரு மின்தேக்கியைப் போலவும் செயல்படுகிறது. மற்ற மாறுதிசை முறைகளுக்கு இது பெருந்தொல்லை. மின்தேக்கி பெரும்பாலும் மின்னோட்டத்தைத் திருத்துவதில்லை என்பதால் இங்கு அத்தொல்லையும் குறைவு. மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பிழையின்றிப் படிக்க வேண்டியிருந்ததுதான் செய்முறையில் கடினம்.

1957-இல் கீத் ஓல்ட்ஹாம் இவ்விளைவின் கோட்பாட்டைப் பாதரச மின்முனைக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பார்க்கரும் குழுவினரும் வானொலி அதிர்வெண்களுக்கே சென்று, வேகமான வினைகளை அளக்க இதைப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் பால் டெலஹே குழுவும் இதில் இறங்கியது. அவர்கள் வழியாகப் பரவிய பெயர் 'ஃபாரடேயிக் ரெக்டிஃபிகேஷன்', அதாவது ஃபாரடே திருத்தம். டையோடு மின்னோட்டத்தைத் திருத்துவதுபோல மின்முனையும் திருத்துகிறது என்று உடனே விளங்குவதால் அப்பெயரே நிலைத்தது. பொருத்தமான பெயர்தான் என்றாலும், கண்டறிந்தவர்களின் சொல் அதனால் மறைந்துபோனது.

தாஸ் பின்னர் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் (சிக்ரி) இயக்குநரானார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம் அது. 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மின்முனை வினைகளுக்கான கணிதக் கோட்பாட்டில் பெயர்பெற்ற எஸ். கே. ரங்கராஜனும் அங்குப் பணியாற்றியவரே.

மற்றொரு வழி, பாதையையே குறுக்குவது. மின்முனையின் ஆரத்தை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அயனிகள் வந்து குவியும். விரவல் மட்டுமே நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவை எட்டும். மிக வேகமான வினைகளுக்கு அதுவும் போதாது. அவற்றின் வேக மாறிலி நொடிக்கு 1 சென்டிமீட்டரையும் தாண்டும். எனவே 1990-களில் நுண்மின்முனையோடு பாயும் கரைசலும் சேர்ந்தது. வார்விக் பல்கலைக்கழகத்தில் மேக்ஃபர்சன், அன்வின் ஆகியோர் நுண்துளை வழியாகக் கரைசலை மின்முனைமேல் பீச்சினர். ஆக்ஸ்ஃபோர்டில் காம்ப்டன் குழு குறுகிய கால்வாய் ஒன்றில் உயர் அழுத்தத்தில் கரைசலை ஓடவிட்டு, அதன் சுவரில் மின்முனையைப் பதித்தது. பாறையை ஒட்டிய நீரைப் போன்ற அந்தப் படலம் மிக மெலிந்தது. மின்னழுத்தத்தை மெதுவாக மாற்றியே வேகமான வினையைப் படிக்க முடிந்தது. ஒன்று நேரத்தைக் குறுக்கிய முறை, மற்றது தொலைவைக் குறுக்கிய முறை.

1974-இல் ஆலன் பார்ட் தொகுத்த மின்பகுப்பாய்வு வேதியியல் நூல்வரிசையின் 7-ஆம் தொகுதியில் இம்முறை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எழுதியவர் அதே அகர்வால். தலைப்பில் அவர் இட்ட பெயர் 'ஃபாரடேயிக் ரெக்டிஃபிகேஷன்'.