ஐ.பி. போடலாமா? 1920ஆம் ஆண்டுச் சட்டமும் கடனாளியின் கணக்கும்

ஒருவர் மஞ்சள் கடுதாசி, அதாவது ஐ.பி. என்னும் நொடிப்பு மனு, கொடுத்துவிட்டார் என்றால் அவர் கடன் அத்தோடு ஒழிந்தது என்றே ஊர் எடுத்துக்கொள்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சென்னைக்கு வெளியே சாதாரணக் கடனாளியை ஆள்வது 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமே. 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் நொடித்தவர் என்ற அறிவிப்பு ஒன்று, கடனிலிருந்து விடுவிப்பு வேறொன்று. மனுப் போடுவதா வேண்டாமா என்பதை இரண்டாவதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் வாதம்.

நுழைவது எளிது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம். அறிவிப்பு வந்தபின் கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குப் போட முடியாது. பதிலுக்குச் சொத்தெல்லாம் நீதிமன்றத்துக்கோ அது அமர்த்தும் ரிசீவருக்கோ போகும். விடுவிப்புக்கு முன் புதிதாகச் சேர்வதும் அப்படியே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காப்பவை மிஞ்சும்: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணி. தாலிக்கு ஆபத்தில்லை, இரட்டைவடச் சங்கிலிக்கு உண்டு.

வெளியே வருவதுதான் பாடு. குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கோராவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். கோரினாலும், சொத்து ரூபாய்க்கு எட்டணா தேறாவிட்டால் முழு விடுவிப்பு இல்லை என்கிறது 42ஆம் பிரிவு. நிபந்தனையோடு தரலாம், தள்ளிப்போடலாம். பாதிக் கடனுக்குச் சொத்துள்ளவர் பெரும்பாலும் விற்றுப் பேசித் தீர்த்திருப்பார். ஆகவே மனுதாரர் பற்றிக்கொள்ள வேண்டியது அப்பிரிவின் விலக்கை: அந்தக் குறைவுக்குத் தம்மைப் பொறுப்பாக்குவது நியாயமல்ல என்று அவர் மெய்ப்பிக்க வேண்டும். வியாபாரியிடம் முந்தைய மூன்றாண்டுப் பேரேடும் கேட்பார்கள். அது இல்லாததே முழு விடுவிப்பை மறுக்கத் தனிக் காரணம். துண்டுச்சீட்டில் ஓடிய மளிகைக்கடை இங்கேதான் விழுகிறது.

கடனின் வகையும் முக்கியம். எட்டு லட்சம் கடனில் நான்கு வீட்டு அடமானம், இரண்டு நகைக்கடன், ஒன்றரை மச்சான் ஜாமீன் போட்டது, மீதி கைமாற்று என்று வைத்துக்கொள்வோம். ஈடு வைத்திருப்பவரின் உரிமையை நொடிப்பு தொடாது, ஜாமீன்தாரரையும் விடுவிக்காது. மச்சான் தலையில் ஒன்றரை லட்சம் விழ, குடும்பத்துக்கு உண்மையில் இறங்குவது ஐம்பதாயிரம். இதற்காக நீதிமன்றம் ஏறுவதைவிட வங்கியிடம் தவணை பேசுவதே மேல். அதே எட்டு லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கைமாற்றாகவும் கடன் அட்டையிலும் வாங்கியது, வீடில்லை, ஜாமீன் யாருமில்லை, பில்கள் கையில் உண்டு என்றால் மனுப் போடத் தயங்கக் கூடாது. மானம் போகும் என்பார்கள். வட்டி கட்டியே அது முன்பே போயிருக்கும்.

எந்த வகையானாலும், மனுவுக்குச் சற்றுமுன் வீட்டை மனைவி பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்கும் ‘முன்ஜாக்கிரதை’ பலிக்காது. எழுதி இரண்டாண்டுக்குள் மனு வந்தால் ரிசீவர் அதை உடைக்கலாம். விடுவிப்புக் கேட்கும் நாளில் அந்தப் பத்திரமே எதிர்ச்சான்றாக வந்து நிற்கும்.