பத்து வாட் பாவமா?

ஆவடியிலிருந்து நண்பர் போன் செய்தார். ‘‘அப்பாவோட ஆம்ப்ளிஃபயரைக் காயலான் கடையில போடப் போறேன். கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னா வந்துடுங்க!’’ குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

போனேன். டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவருடைய அப்பா. கடைசிவரை துண்டு போர்த்திப் பாதுகாத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் அது. ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக் குழல்களுக்குள் அகல்விளக்கு மாதிரி மெல்லிய வெளிச்சம். சக்தி, பத்து வாட். கூடவே இருந்த அலமாரி சைஸ் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கரையான் தின்றுவிட, நண்பர் புதிதாக ஒரு ஜோடி வாங்கியிருந்தார். புத்தக அலமாரியில் அடங்குகிற, பளபளப்பான சின்னப் பெட்டிகள். ஒரு மாதச் சம்பளம்!

பாட்டுப் போட்டார். பாடகர் நாலு வீடு தள்ளி நின்று பாடுவதுபோல இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு.

‘‘பார்த்தீங்களா... கிழடாயிடுச்சு. அப்பாவோட போச்சு இதுவும்!’’

ஸ்பீக்கரோடு வந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். சென்சிடிவிட்டி என்ற இடத்தில் 84 டெசிபல் என்று போட்டிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ‘‘ஆம்ப்ளிஃபயர் மேல தப்பே இல்லை. இது பொருந்தாக் கல்யாணம்’’ என்றேன்.

அந்தப் பொருத்தமின்மைக்கு எழுபது வருட சரித்திரம் இருக்கிறது. அதில் ஆவடியையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்பதுதான் வேடிக்கை!

1955, ஜனவரி. இதே ஆவடியில் காங்கிரஸின் 60-வது மாநாடு. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தலைவர் யு.என்.தேபர். முதலமைச்சர் காமராஜர். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற புகழ்பெற்ற தீர்மானம் நேருவின் முயற்சியில் நிறைவேறியது இங்கேதான். சரித்திரப் புத்தகங்கள் மேடையோடு நின்றுவிடும். நாம் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்போம். அந்தக் காலக் கூட்டங்களில் கம்பத்தின் உச்சியில் என்ன கட்டியிருப்பார்கள்? கூம்பு ஒலிபெருக்கி. கீழே மைக் செட்காரர் பக்கத்தில் இருப்பது வால்வு ஆம்ப்ளிஃபயர். அதன் சக்தி சில பத்து வாட்டுகள். இன்றைக்கு காருக்குள் நாலு பேர் பாட்டுக் கேட்க அதைவிட அதிகமாக வைத்துக்கொள்கிறோம்!

குறைந்த வாட்டில் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டது? ரகசியம் கூம்பில் இருக்கிறது. தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது வாயருகே கையைக் குவிக்கிறோமே, அதே தத்துவம். சாதாரண காகிதக் கூம்பு வைத்த வீட்டு ஸ்பீக்கர், தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் ஒரு சதவிகிதத்தை ஒலியாக்கினாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். கூம்பு ஒலிபெருக்கியோ பத்து, இருபது சதவிகிதம்கூட ஒலியாக்கும்.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், ஒலியைப் பெரிதாக்க உதவப்போகும் மூன்று முனை வால்வை உருவாக்கினார். 1919-ல் சான் டியாகோ நகரில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் சுமார் 50,000 பேர் முன்னால் பேசியபோது, அவர் குரலைச் சுமந்தது வால்வும் கூம்பும்தான். நம் சென்னையிலும் 1930-லிருந்து மாநகராட்சி நடத்திய வானொலியை மெரினாவில் காற்று வாங்க வந்தவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வாட் என்பது தங்கம் மாதிரி. ஒவ்வொரு வாட்டுக்கும் விலை உயர்ந்த வால்வு, கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதனால் ஸ்பீக்கர் செய்கிறவர்கள், கொடுத்த வாட்டை வீணாக்காத ஸ்பீக்கராகச் செய்தார்கள். பெட்டி பெரிதானால் என்ன... அலமாரி சைஸில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கதை திரும்பியது 1954-ல். ஆவடி மாநாட்டுக்கு முந்தைய வருடம். அமெரிக்காவில் இரண்டு பொருள்கள் வெளிவந்தன. ஒன்று, ரீஜென்சி டி.ஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ. இன்னொன்று, எட்கர் வில்ச்சர் என்பவர் வடிவமைத்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கர். காற்றுப் புகாத சின்னப் பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங். அலமாரி போட வேண்டிய கனத்த தம்புரா ஒலியை அந்தக் குட்டிப் பெட்டி போட்டது! ஆனால் கூலி அதிகம் கேட்டது. நிறைய வாட் கொட்டினால்தான் வாயைத் திறக்கும்.

போகப்போக டிரான்சிஸ்டர் வளர்ந்து வாட் மலிவாகிவிட்டது. நூறு வாட், இருநூறு வாட் சர்வசாதாரணம். ஸ்பீக்கர்களும் கவலையில்லாமல் சின்னதாகிக்கொண்டே வந்தன. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம்... இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பதை இன்ஜினீயர்கள் ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்பார்கள். நண்பர் வாங்கியது முதல் இரண்டை. அவர் அப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியது மூன்றாவது!

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். புதிதாக வாங்கும் ஆசையும் இருக்கலாம். ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவில் இன்றும் வால்வு செய்கிறார்கள். ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புமுன் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலில், ‘எத்தனை வாட் தாங்கும்?’ என்று கேட்காதீர்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 84-க்கும் 94-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்தால் மோசம் போனீர்கள். டெசிபலில் மூன்று கூடினால் சக்தி இரட்டிப்பு. பத்து கூடினால் பத்து மடங்கு! அதாவது, 94 டெசிபல் ஸ்பீக்கரில் பத்து வாட் செய்கிற வேலைக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் நூறு வாட் கேட்கும். பத்து வாட்காரர்கள் 92-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, ஓம் கணக்கு. வால்வு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்ற முனையில் மாட்ட வேண்டும். எட்டு ஓம் என்று போட்டிருக்கிற ஸ்பீக்கர் சில ஸ்வரங்களில் மூன்று ஓம்வரை சறுக்குவதுண்டு. டிரான்சிஸ்டர் அதைச் சமாளிக்கும், வால்வு திணறும். அதிகம் சறுக்காத ஸ்பீக்கராகப் பாருங்கள்.

மூன்றாவது, கடைக்காரருடைய ஆம்ப்ளிஃபயரில் கேட்டு மயங்காதீர்கள். அதில் நூறு வாட் இருக்கும். உங்களுடையதைத் தூக்கிக்கொண்டு போய் அதில் கேளுங்கள். இடுப்பு வலித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டுப் போட்டுவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். உள்ளே முந்நூறு வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். தெரியாமல் கை வைக்காதீர்கள்.

நண்பர் கொஞ்சம் நஷ்டத்தோடு ஸ்பீக்கரை மாற்றினார். புதுசு 95 டெசிபல், இடுப்பு உயரம். வந்த அன்று இரவே போன் செய்தார்.

‘‘எப்படி இருக்கு?’’ என்றேன்.

‘‘அம்மா சமையலறையிலேர்ந்து வந்து நின்னாங்க சார். அப்பா போட்ட மாதிரியே இருக்குன்னாங்க. அப்புறம்...’’

‘‘அப்புறம்?’’

‘‘மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். பரீட்சை நேரம், கொஞ்சம் குறைச்சு வைங்கன்னார்!’’

பத்து வாட்டுக்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேண்டும்?