மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்



போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு தம்பி, இசையை மட்டும் கைப்பேசியில் ஓடவிட்டு, தனியாக நின்று பாடினார். நன்றாகவே பாடினார். ஆனால் அவருக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மேடையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அங்கே பத்துப் பேராவது வாத்தியங்களோடு உட்கார்ந்திருப்பார்கள்.

1970களில் எங்கள் தேனிப் பக்கம் (அன்று அது மதுரை மாவட்டம்) சினிமாப் பாட்டு என்றால் டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி, அல்லது விசேஷ வீட்டு இசைத்தட்டு. நேரில் கேட்க வேண்டுமென்றால் திருவிழா மெல்லிசைக் கச்சேரிதான். அந்தக் கலைஞர்களுக்கு இசைக்குறிப்பு எழுதி யாரும் தரவில்லை. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, காதால் கேட்டே பிரித்தெடுத்தார்கள். சினிமாவில் வரிசையாக வயலின்கள் வாசித்ததை இங்கே ஒரே அக்கார்டியன்காரர் ஈடுகட்டுவார். டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், எஸ்.பி.பி. குரலுக்கு ஒருவர், சுசீலாவுக்கும் ஜானகிக்கும் சேர்த்து ஒரே அக்கா! முதலில் பக்திப் பாடல். நேரம் ஆக ஆக, கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் 'நேயர் விருப்பம்' மேடைக்குப் போகும்.

எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. சென்னைக்குப் போன பிறகு எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவிலும் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அவரை உலகம் அறியும். அவரைப் போலவே மேடையேறி, பகலில் தையல் மிஷினில் உட்கார்ந்து, ராத்திரியில் தபேலா வாசித்தவர்களை யார் அறிவார்?

கேசட் வந்தது. பல வாத்தியங்களின் ஒலியைத் தரும் கீபோர்டு வந்தது. பத்துப் பேர் குழு நான்கு பேரானது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. படிக்கிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனாலும் விடிய விடியக் கேட்ட கச்சேரிக் காலம் அதோடு முடிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் டெஸ்கில் அழகாகத் தாளம் போடுவான். கச்சேரிக் குழுவோடு சுற்றுகிறான் என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "தாளம் சோறு போடாது, கண்டித்து வையுங்கள்" என்றேன். அதற்கு முந்தின ராத்திரி அதே கச்சேரியை இரண்டு மணி வரை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவன் அதோடு வாசிப்பதை விட்டுவிட்டான். சோறு பற்றி நான் சொன்னது தவறில்லை. ஆனால் அவன் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. மேஜை இருக்கிறது, வாசித்துக் காட்டு.

மற்றவர்கள், உங்கள் ஊர்க் குழுவில் யார் என்ன வாசித்தார்கள் என்று கீழே எழுதுங்கள். அவர்கள் பெயராவது நிற்கட்டும்.